விளிம்புக்கு ஒரே திசை: சொந்தமாக ஃபைனைட் எலிமென்ட் கோட் எழுதுகிறவர்களுக்கு

ஃபைனைட் எலிமென்ட் முறையில் இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டி (எல்லாம் சேர்ந்தது மெஷ்), ஒவ்வொரு செல்லிலும் தீர்வை ஒரு பல்லுறுப்புக்கோவையாக எழுதுகிறோம்; அதன் படிதான் டிகிரி. டிகிரி 1 முக்கோணத்தில் கணக்கு சரியாக வந்தது. டிகிரி 2-இலும் வந்தது. டிகிரி 3 போட்டதும், மெஷ்ஷை எவ்வளவு பொடியாக்கினாலும் பிழை இறங்க மறுக்கிறது. படம் வரைந்து பார்த்தால் செல் எல்லைகளில் தீர்வு பல் பல்லாக உடைந்து தெரிகிறது. வேலூர், காட்பாடிப் பக்கம் எம்.டெக். ப்ராஜெக்டுக்காகச் சொந்தக் கோட் எழுதும் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்ததும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "இன்டக்ரேஷன் பாயின்ட் பத்தலையா சார்?" பாயின்டைக் கூட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. அப்புறம் சால்வரை மாற்றுவார்கள், அதற்கும் அசையாது. இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பின் திசையை. இரண்டு செல்லுக்கு நடுவில் இருக்கும் விளிம்பை ஒரு செல் இந்த முனையிலிருந்தும், மற்றது அந்த முனையிலிருந்தும் எண்ணிக்கொண்டிருக்கும்.

தீர்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம். விளிம்பின் திசையைச் செல்லுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கத்துச் செல்லுக்கும் ஒரே மாதிரி தெரிகிற தகவலை வைத்து முடிவு செய்யுங்கள். முனைகளின் குளோபல் எண், அதாவது மெஷ் முழுவதற்கும் பொதுவான எண், அப்படிப்பட்ட தகவல். இதை எங்கே, எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

வழக்கமான லக்ராஞ்ச் எலிமென்டில், அதாவது நோட் என்ற புள்ளிகளில் தீர்வின் மதிப்பையே அறியா எண்ணாக வைக்கும் எலிமென்டில், டிகிரி 1, 2 வரை தேவையில்லை. டிகிரி 1-இல் விளிம்பின் உள்ளே நோட் கிடையாது. டிகிரி 2-இல் சரியாக நடுவில் ஒன்று. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அது ஒன்றுதான். டிகிரி 3-இல் விளிம்புக்குள் இரண்டு நோட் வரும், அங்கேதான் 'முதல் நோட் எது' என்ற கேள்வியே பிறக்கிறது. நான்முகியில் முகத்துக்கும் இதே கதை. டிகிரி 3-இல் முகத்தின் மையத்தில் ஒரே நோட், பிரச்சினையில்லை. டிகிரி 4-இல் மூன்று நோட், ஆகவே முகத்தின் திசையும் வேண்டும்.

லெஜாண்டர் பல்லுறுப்புக்கோவையிலிருந்து கட்டும் அடுக்கு வகை ஷேப் ஃபங்ஷன் (செல்லுக்குள் தீர்வைக் கட்டும் அடிப்படைச் சார்பு) வைத்திருந்தால் நோட் இடம் மாறாது, குறி மாறும். விளிம்பைத் திருப்பிப் போட்டால் டிகிரி 2 ஃபங்ஷன் அப்படியே இருக்கும், டிகிரி 3 ஃபங்ஷன் மைனஸ் ஆகும், டிகிரி 4 மறுபடி அப்படியே.

தீர்வே திசையுள்ள புலமாக இருக்கும் வெக்டார் எலிமென்ட் என்றால் மிகக் குறைந்த வரிசையிலிருந்தே தேவை. மின்காந்தக் கணக்குக்குப் பயன்படும் நெடலெக் எலிமென்ட் (1980), பாய்வுக் கணக்குக்குப் பயன்படும் ராவியார்–தாமா எலிமென்ட் (1977) இரண்டுமே திசையில்லாமல் ஒரு அடி நகராது.

ஏன் என்று பாலாற்றை வைத்துப் பார்க்கலாம். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். நீரோட்டம் மணலுக்கு அடியில். ஊர் ஊராகக் குடிநீருக்கு எடுப்பதும் அதைத்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு அந்த நிலத்தடி நீரில் எப்படி நகர்கிறது என்று கணக்குப் போடப் புகுந்தால், ஒரு செல்லை விட்டு வெளியேறும் நீர் அதே அளவில் அடுத்த செல்லுக்குள் நுழைந்தாக வேண்டும். ராவியார்–தாமா எலிமென்ட் அதற்கென்றே செய்தது. விளிம்புக்கு ஒரு எண். அந்த விளிம்பைக் கடக்கும் நீரின் அளவு அது. எந்தப் பக்கம் கடந்தால் ப்ளஸ்? ஒவ்வொரு செல்லும் 'என்னை விட்டு வெளியே போனால் ப்ளஸ்' என்று வைத்துக்கொண்டு, இருவரும் அதே ஒரு எண்ணைப் பகிர்ந்தால், நீர் இரண்டு செல்லிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேறுகிறது என்று அர்த்தமாகிவிடும். அந்த விளிம்பில் இல்லாத கிணறு ஒன்றை நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

காகிதத்தில் இரண்டு முக்கோணம்

கோட் எழுதுமுன் இதைக் கையால் போடுங்கள். பக்க நீளம் 1 உள்ள சதுரம். முனை 0 (0,0)-இல், முனை 1 (1,0)-இல், முனை 2 (1,1)-இல், முனை 3 (0,1)-இல். 0–2 மூலைவிட்டத்தால் வெட்டினால் முக்கோணம் அ = (0,1,2), முக்கோணம் ஆ = (0,2,3). இரண்டும் இடஞ்சுழி.

ஒவ்வொன்றையும் அதனதன் இடஞ்சுழி வரிசையில் சுற்றி வந்தால், அ-வின் விளிம்புகள் 0→1, 1→2, 2→0. ஆ-வின் விளிம்புகள் 0→2, 2→3, 3→0. பொது விளிம்பை அ 2→0 என்கிறது, ஆ 0→2 என்கிறது. இது தற்செயல் இல்லை. தளத்தில் எல்லா முக்கோணமும் இடஞ்சுழியாக இருந்தால் பொது விளிம்பு ஒவ்வொன்றிலும் இந்தச் சண்டை கட்டாயம் வரும். 'மெஷ் சுத்தமாக, எல்லாம் இடஞ்சுழியாக இருக்கிறது' என்பது இந்த விஷயத்தில் எந்தப் பாதுகாப்பும் தராது.

இப்போது விதி: சிறிய குளோபல் எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு. பொது விளிம்பு 0→2. அ-வுக்கு அதன் மூன்று விளிம்புகளின் குறி ப்ளஸ், ப்ளஸ், மைனஸ். ஆ-வுக்கு ப்ளஸ், ப்ளஸ், மைனஸ் (3→0 என்பது விதிப்படி 0→3). நார்மல் (விளிம்புக்குச் செங்குத்தான திசை) வேண்டுமானால் விளிம்பின் திசையை வலஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள். 0→2-இன் திசை (1,1); திருப்பினால் (1,−1), அதாவது அ இருக்கும் பக்கம். ஆ-வுக்கு வெளியே, அ-வுக்கு உள்ளே. தொடுகோட்டுக்குக் கிடைத்த அதே குறிகள் நார்மலுக்கும் பொருந்துகின்றன, தனியாக இன்னொரு அட்டவணை வேண்டாம்.

டிகிரி 3 லக்ராஞ்சில் பொது விளிம்பின் நோட்கள் (1/3,1/3), (2/3,2/3) ஆகிய இடங்களில். குளோபல் டி.ஓ.எஃப். (கணக்கில் கண்டுபிடிக்க வேண்டிய அறியா எண்) எண்கள் 12, 13 என்று வையுங்கள். விதி இல்லாவிட்டால் அ தன் முதல் நோட்டை முனை 2-இன் பக்கம் வைத்து 12 என்னும், ஆ முனை 0-வின் பக்கம் வைத்து 12 என்னும். எக்ஸ் என்ற எளிய சார்பையே எடுங்கள்: 12-ஆம் எண்ணின் மதிப்பு ஒரே நேரத்தில் 2/3 ஆகவும் 1/3 ஆகவும் இருக்க வேண்டியதாகிறது. நேர்கோட்டையே பிடிக்கத் தெரியாத கியூபிக் எலிமென்ட்!

கோடில் எப்படி

விளிம்புப் பட்டியல் கட்டுவது எளிது. பைத்தானில் ஒரு டிக்ஷனரி. சாவி, இரண்டு முனை எண்களில் சிறியது முதலிலும் பெரியது அடுத்தும். செல் செல்லாகப் போய், சாவி இல்லையென்றால் புது விளிம்பு எண் கொடுங்கள், இருந்தால் பழையதை எடுங்கள். அவ்வளவுதான். செல்லின் லோக்கல் விளிம்பு எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்ற அட்டவணையை ஒரே இடத்தில் வையுங்கள். ஷேப் ஃபங்ஷன் எழுதும் ஃபைலில் ஒன்று, அசெம்பிளி (செல் செல்லான கணக்கை ஒரே பெரிய அணியில் சேர்ப்பது) ஃபைலில் ஒன்று என்று இரண்டு இருந்தால் என்றைக்காவது ஒன்று மட்டும் மாறும்.

அதன் பிறகு இரண்டு வழி.

ஒன்று, குறியைச் சேமிப்பது. செல்லின் லோக்கல் வரிசையைத் தொடாமல், விளிம்புக்கு ப்ளஸ் 1 அல்லது மைனஸ் 1 வைத்து, அசெம்பிளியில் ஷேப் ஃபங்ஷனைப் பெருக்குவது. மிகக் குறைந்த வரிசைக்கு இதுவே போதும். உயர் வரிசையில் கொஞ்சம் கவனம்: நெடலெக்கில் விளிம்பின் மேல் லெஜாண்டர் மொமென்ட் (புலத்தின் தொடுகோட்டுக் கூறை லெஜாண்டரால் பெருக்கித் தொகையிட்ட எண்) வைத்திருந்தால், திருப்பும்போது தொடுகோடும் புரள்கிறது, ஒற்றைப்படை லெஜாண்டரும் புரள்கிறது. ஆக 0-ஆவது மொமென்ட் மைனஸ், 1-ஆவது ப்ளஸ், 2-ஆவது மைனஸ். மேலே அடுக்கு வகை ஷேப் ஃபங்ஷனுக்குச் சொன்ன குறிகளை இங்கே அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு செல்லின் முனைகளையும் குளோபல் எண்படி ஏறுவரிசையில் அடுக்கிவிடுவது. (5,2,9) என்ற முக்கோணம் (2,5,9) ஆகும். லோக்கல் விளிம்புகளை லோக்கல் 0→1, 0→2, 1→2 என்று வரையறுத்துவிட்டால் குறி என்ற பேச்சே இல்லை. எல்லா விளிம்பும் தானாகவே சிறியதிலிருந்து பெரியதற்குத்தான் போகும். முக்கோணம், நான்முகி மட்டும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். எந்த டிகிரிக்கும் செல்லும், நெஸ்டட் இஃப் கூட்டம் கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு, புதியவர்கள் பலர் தடுக்கி விழுவதும் அங்கேதான். (5,2,9) இடஞ்சுழியாக இருந்தால் (2,5,9) வலஞ்சுழி. மாதிரி முக்கோணத்தை இந்தச் செல்லாக மாற்றும் அணியான ஜேகோபியனின் டிடர்மினன்ட் நெகட்டிவ் ஆகிவிடும். பயந்து எல்லா இடத்திலும் அதன் தனிமதிப்பை எடுத்துவிடக் கூடாது. பரப்பு, கன அளவுக்கான தொகையீட்டில் தனிமதிப்பு. ராவியார்–தாமாவுக்கான பியோலா மாற்றத்தில், அதாவது ஜேகோபியனால் பெருக்கி டிடர்மினன்டால் வகுக்கும் இடத்தில், குறியோடு அப்படியே. காரணம் சின்னதுதான்: வெக்டாரையும் விளிம்பின் திசையையும் குறுக்குப் பெருக்கினால் வருவது அந்த விளிம்பைக் கடக்கும் பாய்வு. இரண்டையும் ஜேகோபியன் மாற்றும்போது குறுக்குப் பெருக்கம் டிடர்மினன்ட் மடங்காகிறது. குறியோடு வகுத்தால்தான் பழைய பாய்வே திரும்பக் கிடைக்கும். தனிமதிப்பால் வகுத்தால் புரண்ட முக்கோணங்களில் மட்டும் பாய்வு தலைகீழாகும், மற்றவற்றில் சரியாக இருக்கும். இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது மகா அலுப்பு. நெடலெக் மாற்றத்தில் டிடர்மினன்ட் நேரடியாக வராது, ஆனால் அதன் கர்லில் (புலம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவில்) வரும், அங்கேயும் குறியோடுதான்.

இன்னொன்று: படம் வரையும் மென்பொருளுக்கு அனுப்ப மூல வரிசையை ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். புரண்ட செல்களைக் கொடுத்தால் நிழலும் நார்மலும் கோணலாகத் தெரியும்.

நான்முகியின் முகங்கள்

விளிம்பை இரண்டு விதமாகத்தான் பார்க்க முடியும். முக்கோண முகத்தை ஆறு விதமாகப் பார்க்கலாம்: மூன்று சுழற்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிப் பிம்பம். நாற்கர முகத்துக்கு எட்டு. குறைந்த வரிசை ராவியார்–தாமாவுக்கு நார்மல் எந்தப் பக்கம் என்பது மட்டும் போதும், சுழற்சி பொருட்டில்லை. இரண்டாம் வரிசை நெடலெக்கில் முகத்தின் மேல் இரண்டு தொடுகோட்டு டி.ஓ.எஃப். உண்டு, முகம் சுழன்றால் அவை வெறும் குறி மாற்றத்தோடு நிற்காது, ஒன்றோடொன்று கலக்கும். ப்ளஸ் மைனஸ் வைத்துச் சமாளிக்கும் கோட் இங்கே கைவிட்டுவிடும்.

ஏறுவரிசை அடுக்கு இதையும் சேர்த்தே தீர்க்கிறது. முகத்தின் மூன்று குளோபல் எண்கள் இரண்டு நான்முகிக்கும் பொது. இருவரும் அடுக்கினால் முதல் முனை, இரண்டாம் முனை, மூன்றாம் முனை எல்லாம் ஒன்றேதான். முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு திசை, முதலிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு திசை. குறுக்குப் பெருக்கினால் நார்மல்.

நாற்கரம்

நாற்கரத்தில் ஏறுவரிசை அடுக்கு வேலைக்கு ஆகாது. முனைகள் சுற்றிவர 0, 1, 2, 3 என்றால் கீழ் விளிம்பு 0→1 வலப்பக்கம் நோக்கிப் போகும். மேல் விளிம்பு 2→3 இடப்பக்கம் நோக்கிப் போகும். விளிம்பு விளிம்பாகப் பார்த்தால் அண்டை செல்கள் ஒத்துப்போகும்தான். ஆனால் மாதிரிச் சதுரத்தில் எதிரெதிர் விளிம்புகள் ஒரே திசையில் போகும் என்று வைத்துத்தானே ஷேப் ஃபங்ஷன் எழுதியிருப்பீர்கள், அது உடைகிறது.

இதற்குத் தனி வழி. திசையில்லாத ஒரு விளிம்பை எடுங்கள், ஏதாவது ஒரு திசை கொடுங்கள். அது தொடும் செல்லில் எதிர் விளிம்புக்கும் அதே திசை. அந்த எதிர் விளிம்பைத் தாண்டி அடுத்த செல், அதன் எதிர் விளிம்பு. இப்படியே இரண்டு பக்கமும் மெஷ்ஷின் எல்லை வரை. அப்புறம் திசையில்லாத இன்னொரு விளிம்பு. ஒரு விளிம்பு ஒரே ஒரு சங்கிலியில்தான் வரும் என்பதால் வேலை நேரம் செல்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம்.

சங்கிலி எல்லையை எட்டாமல் சுற்றி வந்து தொடங்கிய விளிம்பிலேயே முட்டினால்? வேலூர்க் கோட்டை அகழியை ஒரே வரிசை நாற்கரங்களால் மெஷ் செய்வதாக வையுங்கள். குறுக்கு விளிம்பு ஒன்றுக்குக் கோட்டைச் சுவரிலிருந்து வெளிக்கரை நோக்கித் திசை கொடுக்கிறீர்கள். செல் செல்லாகக் கோட்டையை முழுச்சுற்று சுற்றித் திரும்பினால் அந்த விளிம்பு இன்னும் சுவரிலிருந்து கரைக்குத்தான் போகிறது. நாற்கரப் பட்டைக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு கரை; தளத்தில் அவை இடம் மாறவே முடியாது. ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டிய மோபியஸ் பட்டையில் மட்டும் ஒரு சுற்றில் கரைகள் மாறிவிடும், அங்கே திசை கொடுக்க முடியாது. டீல்-டூ என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் நூலகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வொல்ஃப்காங் பாங்கெர்த்தும் கூட்டாளிகளும் 2017-இல் இதைத் தேற்றமாகவே நிரூபித்து வெளியிட்டார்கள்.

திசை கொடுத்து முடித்ததும் ஒவ்வொரு நாற்கரத்திலும் இரண்டு விளிம்பும் புறப்படும் முனை சரியாக ஒன்று இருக்கும். அதை லோக்கல் 0 ஆக்கிச் செல்லைச் சுழற்றுங்கள். இடஞ்சுழியும் கெடாது, டிடர்மினன்டும் பாசிட்டிவாகவே இருக்கும்.

அறுமுகச் செல்

செங்கல் வடிவச் செல்லில் இணையாக நான்கு நான்கு விளிம்புகள். அதே முறையில் திசையைப் பரப்பலாம், ஆனால் எப்போதும் முடியாது. முப்பரிமாணத்தில் திசை கொடுக்கவே முடியாத மெஷ்கள் உண்டு என்பதையும் அதே கட்டுரை காட்டியது. ஆகவே பரப்பும்போது ஏற்கெனவே திசையுள்ள விளிம்பில் முட்டினால் ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் சோதித்து, இல்லையென்றால் சத்தமாக நின்றுவிட வேண்டும்.

நடைமுறையில் பல மெஷ்கள் தப்பித்துக்கொள்ளும். நாற்கர மெஷ்ஷை உயரவாக்கில் இழுத்துச் செய்தவை எல்லாம் சரி. நான்முகி ஒவ்வொன்றையும் நான்கு அறுமுகங்களாக வெட்டிச் செய்தவையும் சரி. எந்த அறுமுக மெஷ்ஷானாலும் ஒரே ஒரு முறை எல்லாச் செல்லையும் எட்டாகப் பிளந்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு குட்டிச் செல்லை எடுத்துப் பாருங்கள். அதன் எட்டு மூலைகள்: பழைய முனை ஒன்று, பழைய விளிம்பின் நடுப்புள்ளி மூன்று, பழைய முகத்தின் மையம் மூன்று, பழைய செல்லின் மையம் ஒன்று. திசையை முனையிலிருந்து விளிம்பு நடுவுக்கு, அங்கிருந்து முக மையத்துக்கு, அங்கிருந்து செல் மையத்துக்கு என்று கொடுங்கள். எதிரெதிர் விளிம்புகள் தானாக ஒத்துப்போகும், அண்டை செல்லும் அதே புள்ளிகளைத்தான் பார்க்கிறது. எண் ஒப்பீடு, பரப்புதல் எதுவும் தேவையில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விளிம்புகள் சரியானால் நாற்கர முகத்தின் தொடக்க மூலை கிடைத்துவிடும். அங்கிருந்து கிளம்பும் இரண்டு திசையில் எது முதல் என்பதை, மறுமுனைகளில் சிறிய குளோபல் எண் எதுவோ அதை வைத்து முடிவு செய்யலாம்.

பிளக்க விருப்பமில்லை, செல் எண்ணிக்கை எட்டு மடங்காவது கட்டுப்படியாகாது என்றால், செல் தன் விளிம்பையும் முகத்தையும் எப்படித் திருப்பிப் பார்க்கிறது என்று குறிக்கும் கொடி பிட் வையுங்கள். விளிம்புக்கு 1 பிட், முகத்துக்கு 3 பிட் (சுழற்சிக்கு 2, பிம்பத்துக்கு 1). அறுமுகத்துக்கு 12 விளிம்பும் 6 முகமும் சேர்ந்து 30 பிட், நான்முகிக்கு 18. ஒரு 32 பிட் முழு எண்ணில் அடங்கிவிடும். ஃபெனிக்ஸ்-எக்ஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் நூலகம் இப்படித்தான் செய்கிறது. உயர் வரிசை அறுமுகமும் பலவகைச் செல் கலந்த மெஷ்ஷும் வேண்டுமென்றால் கடைசியில் எல்லோரும் வந்து சேர்வது இங்கேதான்.

சோதனை

மேலே போட்ட இரண்டு முக்கோணத்தில் மிகக் குறைந்த வரிசை நெடலெக்கைச் சோதிப்போம். அதில் விளிம்புக்கு ஒரு எண், விளிம்பு நெடுகப் புலத்தைத் தொகையிட்டது. மாறாத புலம் (1,0)-ஐ விளிம்புகளில் தொகையிட்டால்: 0→1-இல் 1, 1→2-இல் 0, 0→2-இல் 1, 2→3-இல் −1, 0→3-இல் 0. அ-வைச் சுற்றினால் 1 + 0 − 1 = 0. ஆ-வைச் சுற்றினால் 1 − 1 − 0 = 0. கர்ல் பூஜ்யம், சரி.

இப்போது சுழலும் புலம் (−ஒய், எக்ஸ்). 0→1-இல் 0, 1→2-இல் 1, 0→2-இல் 0, 2→3-இல் 1, 0→3-இல் 0. இரண்டு முக்கோணத்திலும் சுற்று 1. கர்ல் 2, பரப்பு 1/2, பெருக்கினால் 1, கச்சிதம். ஆனால் கவனியுங்கள்: பொது விளிம்பில் மதிப்பு 0. அங்கே குறி தப்பாக இருந்தாலும் இந்தச் சோதனை வாயே திறக்காது. சோதனைப் புலத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். எந்த விளிம்பிலும் பூஜ்யம் வராத, இரண்டு கூறும் வெவ்வேறான மாறாத புலம் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள்.

சீரான கட்ட மெஷ்ஷிலும் ஏமாறலாம். இடமிருந்து வலம், கீழிருந்து மேல் என்று எண்ணிட்டு, செல்லின் முனைகளையும் ஏறுவரிசையில் எழுதியிருந்தால் திசைகள் தற்செயலாகவே ஒத்துப்போகும். மெஷ் செய்யும் மென்பொருளான ஜிமெஷ்ஷில் செய்த ஒழுங்கற்ற மெஷ்ஷைக் கொண்டுவரும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சோதனை ஒன்றுதான்: முனை எண்களைத் தாறுமாறாகக் குலுக்கிப் போட்டு அதே கணக்கை மறுபடி தீர்ப்பது. தீர்வின் மதிப்பை நோட்டில் ஒப்பிடாதீர்கள், செல்களுக்கு உள்ளே சில புள்ளிகளில் ஒப்பிடுங்கள். ரவுண்டிங் பிழை அளவுக்கு மேல் மாறினால் எங்கோ செல்லுக்குள் உட்கார்ந்து திசை முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள்.

விளிம்பில் நிற்கும் சில சங்கதிகள்

எல்லை நிபந்தனை: தரவில் 'வெளியேறும் பாய்வு' என்று இருக்கும், உங்கள் எல்லை விளிம்பின் நார்மலோ உள்நோக்கி இருக்கலாம். எண்ணை எழுதுமுன் செல்லின் குறியால் பெருக்குங்கள்.

இரு எல்லைகளை ஒட்டிய பீரியாடிக் கணக்கில், ஒட்டப்பட்ட முனைகளுக்கு ஒரே எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இடப்பக்கம் 4→7, வலப்பக்கம் அதே விளிம்பு 31→26 முனைகளில் உட்கார்ந்திருந்தால், ஒப்பீடு அங்கே புரண்டுவிடும்.

தேவையான இடத்தில் மட்டும் மெஷ்ஷைப் பொடியாக்கும்போது புது முனைக்குப் பெரிய எண் வரும். 2→5 விளிம்பின் நடுவில் 40 பிறந்தால், விதிப்படி பிள்ளைகள் 2→40, 5→40. இரண்டாவது தாயின் திசைக்கு எதிர். தொங்கும் நோட்டுக்கான (ஒரு பக்கத்துச் செல் பிளந்து மறுபக்கம் பிளக்காத இடத்தில் நிற்கும் நோட்டுக்கான) கட்டுப்பாட்டுச் சமன்பாட்டில் அதற்கு மைனஸ் போடுங்கள்.

பல ப்ராசஸில் ஓட்டும்போது ஒவ்வொன்றும் தன் துண்டுக்கு 0-விலிருந்து சொந்தமாக எண்ணிடும். அந்த எண்ணை ஒப்பிட்டால் துண்டுகள் சேரும் எல்லையில் மட்டும் திசை மோதும். ஒரு ப்ராசஸில் சரியாக ஓடும் கோட் நான்கில் தப்பாக ஓடும். மெஷ் ஃபைலிலிருந்து வந்த மூல எண்ணை ஒவ்வொரு முனையோடும் சேர்த்து அனுப்பி, ஒப்பீட்டுக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்துத் துண்டிலிருந்து இரவல் வாங்கிய செல்களின் முனைகளுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.